அறந்தாங்கியில் ஓர் அறிவியல் எழுத்து முகாம் வேண்டும்

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதல். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டிக் கிடக்கும் அந்தப் பரப்பு அறந்தாங்கிக்காரர்களுக்கு எங்கோ தூரத்துச் சமாச்சாரமல்ல. பஸ் ஏறினால் மணமேல்குடி வந்துவிடும். கரையில் இருப்பவருக்கு எழும் கேள்விகள் வெகு சாதாரணமானவை. வலை போடத் தடை வருமா? கடற்பசு மேயும் புல்வெளிக்கும் தன் வலையில் விழும் நண்டு, இறாலுக்கும் என்ன சம்பந்தம்? நாடு முழுக்கச் சுமார் 240 கடற்பசுக்கள்தான் மிச்சம் என்கிறார்களே, தண்ணீருக்கடியில் இருப்பதை எப்படி எண்ணினார்கள்? 448 சதுர கிலோமீட்டர் என்றால் எவ்வளவு பெரிது?

கடைசிக் கேள்விக்கு ஒரே வரி போதும்: சென்னை மாநகராட்சியின் பரப்பைவிடச் சற்றுப் பெரிது. அந்த வரியைச் சேர்த்ததும் எண்ணுக்கு ஓர் உருவம் கிடைத்துவிடுகிறது. அதை எங்கே, எப்படிச் சேர்ப்பது என்பது கற்றுக்கொள்ள வேண்டிய கைவேலை. தமிழில் அந்தக் கைவேலையைக் கற்றுத்தரும் முறையான ஏற்பாடு ஏறக்குறைய இல்லை. அறந்தாங்கி போன்ற ஒரு சிறுநகரத்தில், ஆண்டுக்கு ஒருமுறையாவது, பத்து நாள் தங்கிப் பயிலும் அறிவியல் எழுத்து முகாமை அரசு நடத்த வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

ஏன் அறந்தாங்கி என்று கேட்பவர்கள் 2017 பிப்ரவரியை நினைத்துப் பார்க்கட்டும். பக்கத்து ஆலங்குடி வட்டத்தில் இருக்கும் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டம் என்ற செய்தி வந்ததும் டீக்கடை முதல் கல்லூரி வாசல் வரை அதே பேச்சு. நிலக்கரிப் படுகை மீத்தேன், பாறை எரிவாயு, வழக்கமான எண்ணெய்க் கிணறு என மூன்றும் வேறுவேறு. எடுக்கும் முறை வேறு, நீருக்கும் நிலத்துக்கும் வரும் ஆபத்தும் வேறு. ஆனால் வாட்ஸ்அப்பில் மூன்றும் ஒன்றாகக் கலந்தே ஓடின. எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் அரைகுறைத் தகவலோடுதான் மோதினார்கள். திட்டத்தைப் பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும் சரி, தன் வயலுக்கு அடியில் என்ன நடக்கப்போகிறது என்பதைத் தன் மொழியில் தெளிவாகப் படித்துத் தெரிந்துகொள்ளும் உரிமை அந்த விவசாயிக்கு உண்டு. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்களும் அடங்கும். அந்தச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பணிகளைத் தொடவில்லை. இந்த வேறுபாடு இந்த ஐந்து ஒன்றியங்களில் எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்?

தைல மரக் காடுகள் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றனவா என்ற சண்டை புதுக்கோட்டை மாவட்டத்தில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அதற்கும் நிதானமாக எழுதப்பட்ட ஒரு நீண்ட தமிழ்க் கட்டுரை தேவைப்படுகிறது.

தவறாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். ஊசி காரணமல்ல என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். ஒன்றிய அரசின் நிபுணர் குழுவும் பின்னர் அதையே உறுதிசெய்தது. ஆனால் 'ஊசி போட்ட பின் இறந்தார்' என்ற செய்தி 'ஊசியால் இறந்தார்' என்று மாற அரை நாள்கூட ஆகவில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் முன்னது காரணமாகிவிடாது என்பது அறிவியலின் பாலபாடம். அதைத் துக்கத்தில் இருக்கும் வாசகரின் மனம் நோகாமல், இரண்டு பத்தியில், அன்று மாலைக்குள் எழுதித் தர ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆள் தானாக முளைப்பதில்லை.

எழுத்து கருவிலேயே வரும் வரம் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. வழக்கறிஞராக இருந்த பெ.நா. அப்புஸ்வாமியும் பொறியாளராக இருந்த சுஜாதாவும் தமிழில் அறிவியலைச் சுவையாக எழுதினார்கள்; யாரும் பயிலரங்கு நடத்தி அவர்களை உருவாக்கவில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் தலைமுறைக்கு ஓரிருவர் தாமாகத் தேறி வருவதை நம்பி எட்டுக் கோடிப் பேர் காத்திருக்க முடியுமா?

ரேச்சல் கார்சனின் கதை இங்கே பொருத்தம். 1935இல் அவர் அமெரிக்க மீன்வளத் துறையில் வானொலி உரை எழுதும் தற்காலிக வேலையில் சேர்ந்தார். கடலைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த ஒரு முன்னுரையைப் படித்த மேலதிகாரி எல்மர் ஹிக்கின்ஸ், அரசாங்கக் கையேட்டுக்கு இது ஒத்துவராது, பத்திரிகைக்கு அனுப்பு என்று திருப்பிக் கொடுத்தார். அது 1937இல் அட்லாண்டிக் மன்த்லியில் வெளியானது. பூச்சிக்கொல்லிகளைப் பற்றி உலகையே யோசிக்க வைத்த அவருடைய 'மௌன வசந்தம்' நூல் 1962இல் வந்தது. இடையே கால் நூற்றாண்டு எழுத்துப் பயிற்சி. தொடக்கத்தில், எழுதியதைப் பொறுப்பாகப் படித்துப் பதில் சொன்ன ஒரு மனிதர். நம் ஊர் மீன்வளத் துறையிலும் வேளாண் துறையிலும் சுகாதாரத் துறையிலும் எழுதும் ஆசையுள்ளவர்கள் இல்லாமலா போவார்கள்? அவர்களுக்கு ஒரு ஹிக்கின்ஸ் வாய்ப்பதில்லை.

அந்த வேலையைத்தான் தங்கிப் பயிலும் முகாம் செய்யும். ஒருநாள் கருத்தரங்கு செய்யாது. காலை பத்து மணிக்குக் குத்துவிளக்கு, பொன்னாடை, நான்கு உரைகள், மதியச் சாப்பாடு, மாலையில் சான்றிதழ் என்று முடியும் நிகழ்ச்சிகளை இந்த மாநிலம் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டது. 1991இல், அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். சைக்கிளைப் பற்றிய உரையைக் கேட்டு அவர்களில் ஒருவரும் ஓட்டப் பழகவில்லை. விழுந்து எழுந்து பழகினார்கள். எழுத்தும் அப்படியே.

முகாமில் நடக்க வேண்டியவை இவை: முதல் நாளே ஜெகதாப்பட்டினம் மீன் இறங்கு தளத்துக்கோ வெள்ளாற்றுப் படுகைக்கோ ஒரு தென்னந்தோப்புக்கோ போய்க் கேட்டு வருவது. இரவில் எழுதுவது. மறுநாள் காலை அதை உரக்கப் படிப்பது. கேட்பவர்களில் அறிவியல் படிக்காதவர் சிலர் கட்டாயம் இருக்க வேண்டும். விஞ்ஞானி 'இருக்கலாம்' என்று சொன்னது கட்டுரையில் 'இருக்கிறது' என்று மாறியிருந்தால் பிடிப்பது. ஆய்வு எத்தனை பேரிடம் நடந்தது, பணம் கொடுத்தது யார், அந்த ஆய்வில் பங்கில்லாத இன்னொரு விஞ்ஞானி என்ன சொல்கிறார் என்று விசாரிப்பது. பிறகு திருப்பி எழுதுவது, மறுபடியும் திருப்பி எழுதுவது. இரண்டாம் முறை திருத்தச் சொல்லும்போது வரும் கோபம் மூன்றாம் நாள் தணியும். அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டால் கட்டுரையும் அத்தோடு நின்றுவிடும். தங்க வேண்டும் என்று வலியுறுத்துவதன் காரணம் இதுதான்.

தமிழுக்கு இது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழில் வெளியிட்டார். சிறுவர்களுக்கான 'துளிர்' அறிவியல் இதழ் 1987 முதல் வந்துகொண்டிருக்கிறது. கேரளத்தின் சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962இல் கோழிக்கோட்டில் பிறந்தபோது அது மலையாள அறிவியல் எழுத்தாளர்களின் ஒரு சிறு கூட்டம்தான். அதிலிருந்தே பெரும் மக்கள் இயக்கம் வளர்ந்தது. செயற்கை நுண்ணறிவு மொழிபெயர்த்துத் தந்துவிடாதா என்றும் இப்போது கேட்கிறார்கள். எழுதி வைத்ததை அது மொழிபெயர்க்கும். கோட்டைப்பட்டினத்துப் படகில் ஏறி, வலையில் நண்டு குறைந்தது எப்போதிலிருந்து என்று கேட்டுவர அதனால் ஆகாது.

ஒன்றிய அரசிடம் எதிர்பார்ப்பதற்கும் இப்போது அதிகமில்லை. 1989இல் தொடங்கி, தமிழ் உட்படப் பல மொழிகளில் இதழ்கள் கொண்டுவந்த விஞ்ஞான் பிரசார் அமைப்பை 2023இல் மூடிவிட்டார்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதைக் குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கும் நாடு செய்கிற வேலையா இது? ஆகவே மாநில அரசுதான் முன்வர வேண்டும். வானவில் மன்றம் மூலம் பள்ளிகளுக்குப் பரிசோதனைகளைக் கொண்டுசென்ற அரசுக்கு, இருபது பேருக்குப் பத்து நாள் சோறும் தங்குமிடமும் பெரிய செலவல்ல. அறந்தாங்கியில் அரசுக் கலைக் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. விடுமுறையில் அவற்றின் வகுப்பறைகள் பூட்டியே கிடக்கின்றன.

அந்த இருபது பேரில் பேராசிரியர்கள் மட்டுமே இருந்தால் முகாம் வீண். கிராமச் செவிலியர், வேளாண் உதவி அலுவலர், பள்ளி ஆசிரியை, மீனவ இளைஞர், தாலுகா நிருபர் என்று ஊரின் பல முகங்கள் வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் பத்திரிகைகளும் குற்றம் சாட்டும் இடத்தில் மட்டும் நின்றுகொள்ள முடியாது. ராசிபலனுக்கு நாள்தோறும் இடம் கொடுக்கும் தமிழ் ஏடுகள் அறிவியலுக்கு வாரத்தில் எவ்வளவு இடம் தருகின்றன என்பது வாசகருக்குத் தெரியும். தருகிற இடத்திலும் எழுதுபவருக்குச் சன்மானம் கிடைப்பது அபூர்வம். மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றமும் புதுக்கோட்டை மாவட்ட நிர்வாகமும் வரும் கோடை விடுமுறையில் முதல் முகாமை அறிவிக்க வேண்டும். அதில் தேறும் கட்டுரைகளைத் தமிழ் நாளேடுகள் உரிய சன்மானம் கொடுத்து வெளியிட வேண்டும்.