உடைச் சித்திரமும் ஊசி பிடித்த கைகளும்

பொருட்காட்சிச்சாலையில் வைத்துப் பேணத்தக்கவை யாவை என வினவின், நம் மாணவருட் பலர் சிலைகளையும் செப்பேடுகளையும் பழங்காசுகளையும் குறிப்பரேயன்றி, மாதர் உடைக்கென வரையப்பெற்ற காகிதத்துண்டைக் குறியார். குறித்தவனை நகைக்கவுஞ் செய்வர். ஆயினும் லண்டன் மாநகரத்து விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிச்சாலையும், பாரிஸ் நகரத்துப் பலே கலியேராவும் இத்தகைய சித்திரங்களைச் செல்வமெனக் காத்து வருகின்றன. அது முறையே என்பது என் துணிபு. எனினும், அவற்றைக் காட்டும் முறைபற்றி எனக்கு ஒரு வழக்கு உண்டு.

1947-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆம் நாள், பாரிஸ் மோந்தேன் வீதியில் 30-ஆம் இலக்க மாளிகையில், கிறிஸ்தியான் தியோர் என்பார் தம் முதல் உடைத்தொகுதியை வெளியிட்டார். ஒடுங்கிய இடையும், மலர்போல் விரிந்து தாழ்ந்த பாவாடையும் அவற்றின் இலக்கணம். அமெரிக்கப் பத்திரிகாசிரியை கார்மெல் ஸ்நோ அம்மையார் அதனைப் 'புதுத்தோற்றம்' என்றார், அப்பெயரே நிலைத்துவிட்டது. யுத்தம் ஓய்ந்து இரண்டாண்டுகூட நிறையவில்லை. பிரெஞ்சு மக்கள் ரொட்டிக்கும் பங்கீட்டுச் சீட்டேந்தி நின்ற காலம். அந்நாளில் ஒரு பாவாடைக்கே பல கெஜத் துணியைச் செலவிடுதல் தகுமோ? அவ்வாண்டிலேயே மோன்மார்த்ரின் லெப்பிக் தெருவில், இவ்வுடை தரித்துப் படம் எடுக்க வந்த மங்கையரை அத்தெருப் பெண்டிர் பற்றியிழுத்து உடையைக் கிழித்தனர். அவர்தம் சினத்தை நான் குறைகூறேன். தியோருக்கு முதல் ஈந்த மார்செல் பூசாக் பருத்தியாலை அதிபர். துணி மிகுதியாய்ச் செலவாவதில் அவருக்கு வருத்தம் இருந்திராதன்றோ!

இத்தனையும் அச்சித்திரத்தின் சில கோடுகளுள் அடங்கியிருத்தலின், அதனை வீண் அலங்காரமென்று தள்ளுதல் பொருந்தாது. அதுவும் ஒரு சரித்திர சாசனமே.

இனி என் வழக்கிற்கு வருகிறேன். தியோர் ஊசி பிடித்துத் தைத்தவரல்லர், வரைந்தவர். நூற்றுக்கணக்கில் அவர் வரைந்து குவித்தவற்றை மார்கரித் காரே அம்மையார் ஏற்று, தையற்பகுதித் தலைவியர்க்குப் பகிர்ந்தளிப்பார். அவர்கள் முதலில் மலிவான வெள்ளைத் துணியில் உருவமைத்துக் காட்டுவர். அதனை அவர் நோக்கித் திருத்தியபின்னரே நல்ல துணியில் கத்தரி விழும். இடை எவ்வாறு ஒடுங்கி நிற்கும், இடுப்பின் மேற்புறம் எவ்வாறு புடைக்கும் என்பனவற்றைச் சித்திரம் சொல்லாது. உள்ளே பஞ்சும் பட்டியும் வைத்து அவ்விரகினைக் கண்டவர், பிரெஞ்சு நாட்டார் 'சிறு கைகள்' என வழங்கும் தையற்பெண்களே.

தியோர் நிலையத்தார் தொகுத்த ஏடுகளிலோ, சித்திரத்தருகே துணித்துண்டும், உடுத்துக் காட்டிய மங்கையின் பெயரும், தைத்த பகுதியின் பெயரும் பதியப்பெற்றுள்ளன. வணிகர் தம் கணக்கிற்கென எழுதிவைத்த பெயர்கள் அவை. கண்ணாடிப் பேழையருகே பார்வையாளர்க்கென வைக்கும் அட்டையிலோ பெரும்பாலும் ஒரே பெயரைக் காண்கிறோம். வணிகர் மறவாததைக் கலையறிஞர் மறத்தல் என்ன நியாயம்? அவ்வட்டையில் இன்னும் ஒரு வரி கூட்டுதற்கு எத்துணை மை செலவாகிவிடும்?