நிஜ எஞ்சினுக்கு ஸ்பேர் உண்டு, குட்டி எஞ்சினுக்கு இல்லை

அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி 1969-ல் கடையை மூடிவிட்டது. ஆல்கோ என்றால் எல்லோருக்கும் புரியாது. டபிள்யூ.டி.எம்-2 என்றால் பொன்மலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் புரியும். 1962-ல் முதல் எஞ்சின்கள் அங்கிருந்து கப்பலில் வந்தன. 1964 முதல் வாரணாசியில் நாமே கட்ட ஆரம்பித்தோம். தாய்க் கம்பெனி போய் முப்பது வருஷம் கழித்தும் ஸ்டோர்ஸில் இண்டென்ட் போட்டால் அதற்கு வேண்டிய சாமான் வந்தது. கொஞ்சம் தாமதமாகும், கையெழுத்து நாலு வேண்டும், ஆனால் வந்தது. காரணம் ரொம்ப எளிது. வரைபடம் நம் கையில் இருந்தது.

இப்போது என் மேஜைக்கு வருகிறேன். அதே ஆல்கோ வம்சத்து டீசல் ஒன்றின் குட்டி மாதிரி அங்கே நிற்கிறது. என் மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போது வாங்கி வந்து ஆறு வருஷம் ஆகிறது. என் ஸ்கேல் என்பது நிஜத்தில் 160-ல் ஒரு பங்கு. நம்முடைய பதினேழு மீட்டர் டபிள்யூ.டி.எம்-2 இந்தக் கணக்கில் பதினோரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். அந்தச் சின்ன உடம்புக்குள் ஒரு மோட்டார், இரண்டு ஃப்ளைவீல், போகிக்குப் போகும் வார்ம் கியர், விளக்கு எல்லாம் இருக்கின்றன. முப்பத்து நாலு வருஷம் ஒர்க்‌ஷாப்பில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், அதைக் கட்டியவன் கைக்கு வளையல் போடலாம்.

ஆனால் அது இப்போது ஓடாது. ஒரு கியர் விரிசல் விட்டுவிட்டது. மிளகைவிடச் சற்றே பெரிய கியர்.

இது எப்படி விரிகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் இது ஓட்டுகிறவனின் குற்றம் இல்லை. குட்டி எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளத்தில்தான் வருகிறது, 12 வோல்ட். ஒரு தண்டவாளம் பாசிட்டிவ், மறு தண்டவாளம் நெகட்டிவ். ஆகவே இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரே இரும்பு ஆக்ஸிலில் கோக்க முடியாது, ஷார்ட் ஆகிவிடும். அதனால் ஆக்ஸிலை இரண்டு துண்டாக்கி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழலுக்குள் இரண்டு பக்கமும் இறுக்கிச் செருகுகிறார்கள். அந்தக் குழல்தான் கியரும். இறுக்கத்தில் அது எப்போதும் விரிந்துகொள்ளப் பார்த்தபடியே இருக்கிறது. பிளாஸ்டிக்குக்கு வயதாக ஆக, ஒருநாள் டப்பென்று வெடித்துவிடும். ஓட்டாமல் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தாலும் வெடிக்கும். விரிசல் விட்ட இடத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே இடைவெளி கூடிவிடுவதால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் எஞ்சின் ஒருமுறை நொண்டும். பிறகு நின்றே போகும்.

நிஜ டபிள்யூ.டி.எம்-2-ல் 65 பல்லுக்கு 18 பல் கியர். அதில் பல் உடைந்தால் என்ன செய்வோம்? மாற்றுவோம். எஞ்சினைத் தூக்கிக் குப்பையில் போடு என்று எந்த ஃபோர்மேனும் சொன்னதில்லை.

கம்பெனிக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். பதில் மரியாதையாகத்தான் வந்தது. அந்த மாடல் உற்பத்தியில் இல்லை, அந்தப் பாகம் கையிருப்பில் இல்லை, வாங்கிய கடையை அணுகவும் என்று. வாங்கிய கடை எட்டாயிரம் மைலுக்கு அப்பால். சரி, அந்தக் கியரின் பல் அளவையும் விட்டத்தையுமாவது சொல்லுங்கள், நாங்களே செய்துகொள்கிறோம் என்று மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

கோபப்பட்டு என்ன பயன் என்று விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அளவு அவர்களிடமே இல்லாமல் இருக்கலாம்! பெட்டியில் பெயர் போட்டிருக்கும் பல கம்பெனிகளிடம் இன்று ஒரு லேத்கூடக் கிடையாது. வடிவமைக்க ஓர் ஆபீஸ், விளம்பரத்துக்கு ஓர் ஆபீஸ், அவ்வளவே. உற்பத்தி முழுவதும் சீனாவில் ஒப்பந்தத்துக்கு. சண்டா கான் என்ற ஒரே தொழிற்சாலை போட்டி பிராண்டுகள் பலவற்றுக்கும் எஞ்சின் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. 2008 வாக்கில் அதை காடர் என்ற ஹாங்காங் குழுமம் வாங்கியதும், பல பிராண்டுகள் வேறு தொழிற்சாலை தேடி அலைந்தன. ஒரு மாடலை ஒரே தடவை, சில ஆயிரம் எண்ணிக்கையில் செய்வார்கள். அந்தச் சமயத்தில் கூடுதலாகக் கியர் செய்து வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் கிடையாது. டை எடுத்துத் திரும்ப மெஷினில் மாட்டி நூறு கியர் போட்டுக்கொடு என்றால் தொழிற்சாலைக்காரன் சிரிப்பான். அவன் நிலையும் நியாயம்தான். ஆனால் முதலிலேயே கூடுதலாகச் செய்து வைக்கத் தடுத்தது யார்?

செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. ஜப்பானில் காட்டோ என்ற கம்பெனி மாடல் வெளியிடும்போதே அதன் போகி, சக்கரம், பாடி எல்லாவற்றையும் தனித்தனி நம்பர் போட்டு விற்கிறது. அதுவும் தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்றாலும், அந்த எண்ணமாவது இருக்கிறது.

இன்னொரு கொடுமை உண்டு. எஞ்சினுக்குக் கனம் வேண்டும் என்று சேஸிஸைத் துத்தநாகக் கலவையில் வார்ப்பார்கள். அதில் துளி ஈயம் கலந்துவிட்டால் போதும், சில வருஷங்களில் வார்ப்பு உப்பி, வெடித்து, பழைய பிஸ்கட் மாதிரி உதிரும். இது நேற்று கண்டுபிடித்த வியாதி இல்லை. 1929-லேயே அமெரிக்காவில் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 99.99 சதவீதம் சுத்தமான துத்தநாகத்தை வைத்து ஜமாக் என்ற கலவையைக் கொண்டுவந்து இதற்கு வழி சொல்லிவிட்டது. அதற்கு அப்புறமும், இந்த நூற்றாண்டில் செய்த மாடல்களிலும் சேஸிஸ் உதிர்கிறது. உருக்குகிற பானையில் என்ன போடுகிறார்கள் என்று பார்க்க ஒரு ஆள் நிற்கவில்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். நம் ஃபவுண்டரியில் இப்படி நடந்தால் சார்ஜ் ஷீட்.

விலையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் இது பொம்மை அல்ல, 14 வயதுக்கு மேற்பட்ட சேகரிப்பாளர்களுக்கு என்று போட்டிருக்கும். விலையும் அப்படித்தான், ஒரு நல்ல மிக்ஸி வாங்கிவிடலாம். நம் சுங்கத்துறைக்கோ அது பொம்மைதான். அளவு மாதிரிகளும் அதே தலைப்பில் வருகின்றன. பொம்மைக்கான வரி 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாகி, 2023-ல் 70 ஆயிற்று. ஆக விலைக்கு நான் சேகரிப்பாளன், வரிக்கு நான் குழந்தை, ரிப்பேருக்கு நான் யாருமே இல்லை.

அடுத்து முன்பதிவு. இப்போதெல்லாம் படம் மட்டும் காட்டி ஆர்டர் வாங்குகிறார்கள். போதுமான ஆர்டர் சேர்ந்தால் செய்வார்கள். ஒரு வருஷம் என்பார்கள், இரண்டாகும், மூன்றும் ஆகும். முப்பது வயதுக்காரனுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். எங்கள் கூட்டத்தில் ஆறு பேர், எல்லோரும் எழுபதைத் தொட்டவர்கள். அதில் ஒருவர் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். பேரன் மூலமாக ஓர் எஞ்சினுக்கு முன்பதிவு செய்துவிட்டு, வாரம் தவறாமல் வந்துவிட்டதா என்று அவனை நச்சரிப்பார். போன ஐப்பசியில் போய்விட்டார். தையில் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். "அண்ணே, அவர் பேருக்கு ஒரு பார்சல் வந்திருக்கு. ரயில் படம் போட்டிருக்கு. இதை என்ன செய்யறது?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை.

இதெல்லாம் வெளிநாட்டு விளையாட்டு, நமக்கென்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் எஸ்.எல்.எம். கம்பெனி செய்தவை, நூறு வருஷத்துப் பழைய வடிவம். அந்தப் பெயரில் இன்று கம்பெனியே இல்லை. பல்சக்கரத்தில் மலையேறும் எஞ்சின், நான்கு சிலிண்டர், லேசான சமாச்சாரம் இல்லை. ஆனால் நம் பொன்மலையில் பழையவற்றை ரிப்பேர் செய்தது மட்டுமல்ல, 2011 முதல் புதிதாகவே கட்டி மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். பாய்லர் முதல் போல்ட் வரை. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, மிளகு அளவு பிளாஸ்டிக் கியர் இல்லாமல் ஓர் எஞ்சினைச் செத்ததாகச் சொல்ல எனக்கு மனம் வருமா?

நண்பர் ஒருவர் பித்தளையில் கடைந்து தருகிறேன் என்றார். பித்தளை போட்டால் மேலே சொன்ன ஷார்ட். டெல்ரினில்தான் செய்ய வேண்டும், அவ்வளவு சின்னப் பல் வெட்டும் கட்டர் இங்கே யாரிடமும் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறோம். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடிகாரக்காரர் முயன்று பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

கம்பெனிக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. ஒரு மாடலை நிறுத்தும்போது அதன் கியர் வரைபடத்தை வெளியிட்டுவிடுங்கள், செய்துகொள்கிறவர்கள் செய்துகொள்வார்கள். அதுவும் ரகசியம் என்றால், விற்கும்போதே பெட்டிக்குள் ஆக்ஸிலில் மாட்டாத கியர் நாலு போட்டுக் கொடுங்கள். இறுக்கம் இல்லாமல் சும்மா கிடக்கிற கியர் அத்தனை சீக்கிரம் வெடிக்காது. அந்தத் தெர்மோகோல் பள்ளத்தின் ஓரத்தில் அதற்கு இடம் இருக்கிறது. நான் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டேன்.