விதை நம்முடையது, வயல் யாருடையது?

கம்ப்யூட்டருக்கும் கைபேசிக்கும் மூளையாக இருப்பது பிராசஸர் என்னும் சிப். விரல் நகத்தளவு சிலிக்கன் துண்டு. கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனிகளில் பெரும்பாலானவை இதைத் தாமே உருவாக்குவதில்லை; பிறரிடம் விலைக்கு வாங்கிப் பொருத்துகின்றன. அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனியும் 2006 முதல் தனது மாக் கம்ப்யூட்டர்களில் இண்டெல் கம்பெனியின் சிப்பையே வைத்து வந்தது. இனிச் சொந்தச் சிப்தான் என்று 2020 ஜூனில் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில், தான் வடிவமைத்த எம்1 சிப்புடன் கம்ப்யூட்டர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2023 ஜூனோடு மாற்றம் முடிந்தது.

இதில் தஞ்சை வயலில் நாற்று நடுகிறவர்களுக்கும் ஆலையில் நூல் நூற்கிறவர்களுக்கும் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது என்கிறோம் நாம்.

விதை நெல்லுக்கு அடுத்தவன் குதிரையே நம்பியிருப்பவன், அவன் கொடுக்கும் நாளில்தான் நாற்று விட முடியும். அவன் சொல்லும் விலையைத்தான் கொடுக்க முடியும். ஆப்பிள் கம்பெனி இந்தக் கணக்கை நன்றாகவே போட்டது. 2008-ல் ஒரு சிப் வடிவமைப்புக் கம்பெனியை விலைக்கு வாங்கியது. 2010-ல் தன் கைபேசிக்குச் சொந்தச் சிப்பை வைத்தது. பத்தாண்டு தயாரிப்புக்குப் பிறகே இண்டெலை விட்டு விலகியது.

ஆனால் ‘சொந்தச் சிப்’ என்ற சொல்லைச் சற்றே உரித்துப் பார்ப்போம். ஆப்பிளுக்குச் சிப் செய்யும் ஆலை ஒன்றுகூடக் கிடையாது. வடிவம் அதனுடையது. செய்து கொடுப்பது தைவானில் உள்ள டி.எஸ்.எம்.சி. ஆலை. ஆப்பிள் வடிவமைத்த சிப் வைத்த ஐபோன்களைப் பூட்டிக் கொடுக்கும் கைகளில் ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்களின் கைகளும் உண்டு. 2021 டிசம்பரில் அங்குள்ள பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்ததை நாடே பார்த்தது. மூளை சொந்தமாகிவிட்டது, உழைக்கும் கைக்கு நல்ல சோறு கிடைக்க மறியல் வேண்டியிருந்தது!

நம் நாட்டிலும் சொந்தச் சிப்புக்கான முயற்சி நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் ‘சக்தி’ என்ற பிராசஸரை உருவாக்கியிருக்கிறார்கள். அதன் வடிவம் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளிப்படையாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையின் நெல்லைப் போலத்தான் இது. பொதுப் பணத்தில் பிறந்தது. விதைக்கிறவர் எல்லோருக்கும் உரியது. ஆப்பிளின் சிப்போ பூட்டிய குதிரில் இருக்கும் விதை. இந்த வேறுபாடு சிறியதல்ல.

ஆனால் வயல் எங்கே? சக்தியின் முதல் சிப்புகளில் ஒன்றை 2018-ல் அமெரிக்காவின் இண்டெல் ஆலையில் செய்து வாங்கினோம். நம் கையில் இருப்பது பஞ்சாபில் மொகாலியில் உள்ள மத்திய சர்க்காரின் ஆலை. இஸ்ரோவுக்கான சக்தி சிப்பை 2025-ல் அங்கே செய்து காட்டினார்கள், பாராட்டுகிறோம். ஆனால் அந்த ஆலையின் நுண்மை அளவு 180 நானோமீட்டர். எம்1 செய்த அளவு 5 நானோமீட்டர். எண் குறையக் குறையத்தான் வேலை நுண்மையாகும். 1989-ல் தீயில் எரிந்த மொகாலி ஆலையை உரிய காலத்தில் உலகத் தரத்துக்கு உயர்த்தாமல் விட்ட குற்றம் யாருடையது?

2021 டிசம்பரில் மத்திய சர்க்கார் சிப் தொழிலுக்கென 76,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2023-ல் குஜராத்தின் சாணந்தில் ஆலை வைக்க அமெரிக்காவின் மைக்ரான் கம்பெனி முன்வந்தபோது, நூறு ரூபாய்ச் செலவில் ஐம்பதை மத்திய சர்க்காரும் இருபதை மாநில சர்க்காரும் ஏற்பதாகத் திட்டம் போட்டார்கள். அது சிப்பைப் பொதிந்து சோதிக்கும் ஆலைதான். எழுபது ரூபாய் மக்களுடையது, ஆலை யாருடையது?

டெல்டா மக்கள் இந்தக் கேள்வியை ஏற்கனவே ரத்தத்தால் எழுதியவர்கள். 1960-களில் ஆடுதுறை 27 நெல் வந்தது, விளைச்சல் பெருகியது. கூலியில் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் குடிசையோடு கொளுத்தப்பட்டன. விதை புதிதானால் மட்டும் போதாது, விளைச்சலில் உழைத்தவனுக்குப் பங்கு வேண்டும் என்பதை அந்தச் சாம்பல் சொல்கிறது.

ஆகவே நாம் கோருவது இதுதான். மொகாலி ஆலையைப் பொதுத்துறையிலேயே வைத்து, தாமதமின்றிப் புதுப்பிக்க வேண்டும். சக்தி போன்ற பொது முயற்சிகளுக்குப் பணம் தாராளமாகப் போக வேண்டும். மக்கள் பணம் வாங்கும் ஒவ்வொரு கம்பெனியும் நிரந்தர வேலை, நியாயக் கூலி, சங்கம் வைக்கும் உரிமை ஆகியவற்றுக்குக் கட்டுப்பட வேண்டும்.

நாடு சொந்தச் சிப்பைப் படைக்கட்டும், வரவேற்கிறோம். அது உழைக்கும் மக்களுக்கும் சொந்தமாக இருக்கட்டும்!