மலிவு யாருக்கு?

சம்பளம் ஒரு நாட்டிலிருந்து வரும். குடியிருப்பதோ வேறொரு நாட்டில். மடிக்கணினியும் இணைய இணைப்பும் இத்தகைய வாழ்க்கையைப் பலருக்கும் எட்டச் செய்திருக்கின்றன. இலண்டன் நிறுவனத்திற்கு உழைத்துக்கொண்டே, செலவு குறைந்த மத்தியதரைக் கடற்கரை நகரில் குடும்பத்தோடு தங்க முடிகிறது. அவ்வாறு பலர் நாடும் நகரங்களுள் ஒன்று ஸ்பெயினின் வலென்சியா.

இதற்கும் வழிசெய்து ஸ்பெயின் 2022 டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வருவோர், பட்டமோ மூன்றாண்டு அனுபவமோ பெற்றிருத்தல் வேண்டும். மாத வருமானம் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் இருமடங்கு இருத்தல் வேண்டும். மனைவி மக்களை அழைத்துச் செல்வதாயின் அதற்கு மேலும் காட்ட வேண்டும்.

அன்பு வாசகர்களே! இந்த நிபந்தனையை உள்ளூர்க்காரரின் வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள். குறைந்தபட்ச ஊதியம் பெறும் கடைச் சிப்பந்தியும், அதைப் போல் இருமடங்கு ஈட்டும் புதியவரும் ஒரே வீட்டைக் கேட்டு நிற்கின்றனர். வீட்டுக்காரர் யாருக்குக் கொடுப்பார்? புதியவருக்கு மலிவாகத் தோன்றும் வாடகை, அங்கேயே பிறந்தவருக்கு எட்டாததாகிவிடுகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கென மாற்றப்படும் வீடுகளும் நெருக்கடியைக் கூட்டுகின்றன. 2024 அக்டோபர் 19 அன்று வலென்சியா வீதிகளில் ஆயிரக்கணக்கானோர் வீடு கேட்டு ஊர்வலம் சென்றனர்.

முஸ்லிம்கள் ஆட்சியில் 'பலன்ஸியா' என வழங்கி, 1238இல் அரகான் மன்னர் முதலாம் ஜேம்ஸின் வசமான நகரம் இது. இன்று வாடகை ஏறிப்போயிருக்கும் ருஸாஃபா பகுதியின் பெயரே அரபியில் வந்ததுதான். வாய்க்காலை அம்மக்கள் இன்னும் 'அஸேகியா' என்கின்றனர். அதுவும் அரபிச் சொல்லே. வாய்க்கால் நீர் குறித்த வழக்குகளைத் தீர்க்க, வியாழன்தோறும் நண்பகலில் பேராலய வாயிலில் நீர் நீதிமன்றம் கூடுகிறது. உழவர்கள் தேர்ந்தெடுத்த உழவர்களே நடுவர்கள். விசாரணை வாய்மொழியாகவே நடைபெறும். மேல்மடைக்காரர் தம் பங்குக்கு மேல் எடுத்தால் கடைமடை காயும் என்பதை அறிந்த மக்கள் அவர்கள். வீட்டுக்கும் அந்த நியாயம் பொருந்தாதா?

ஆகவே போகவே கூடாது என்பதன்று. பிழைப்புக்காகக் கடல் கடப்பது நமக்குப் புதிதுமன்று. ஆயினும் செல்பவர் சிலவற்றை மனத்திற்கொள்ளட்டும். சில மாதங்களுக்கெனக் கூடுதல் வாடகைக்கு விடப்படும் வீட்டைத் தவிர்த்து, நிலையான குடியிருப்பு ஒப்பந்தத்தையே கேளுங்கள். அத்தகைய வாடகைதாரர் பொதுவாக ஐந்தாண்டு வரை தங்கும் உரிமையைச் சட்டம் காக்கிறது. கேட்ட வாடகையை உடனே ஒப்புக்கொள்ளாமல், அக்கம்பக்கத்தார் தருவதை விசாரியுங்கள். ஆண்டில் 183 நாள்களுக்கு மேல் தங்கினால் அங்கே வரிக் கடமை உண்டு. அதை மறைக்க வழி தேடாதீர்கள். ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். அண்டை வீட்டாரின் பெயரும் நலமும் அறியாமல் ஓர் ஊரில் ஆண்டுக்கணக்கில் வாழ்வது, விடுதியில் தங்குவதைப் போன்றதே.