வேடியப்பனை மறைக்கும் திரை

அருங்காட்சியகத்தை வகுப்பறைக்கே கொண்டுவந்துவிட்டோம் என்று முழங்குவோரின் குரல் சில ஆண்டுகளாக ஓங்கி ஒலிக்கிறது. இணையவழி வகுப்பில் ஒரு சொடுக்கு. பாரிசும் நியூயார்க்கும் பென்னாகரத்துப் பள்ளிச் சுவரில் வந்து இறங்கிவிடும். பேருந்துச் செலவில்லை, பெற்றோரிடம் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை, பிள்ளைகளை எண்ணி எண்ணி ஏற்றி இறக்கும் தலைவலியும் இல்லை. இந்தக் கொண்டாட்டத்தில் முழுமனத்துடன் கலந்துகொள்ள நம்மால் இயலவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறோம்.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தை ஒப்புக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்தின் கடைசி மாவட்டமாக நின்றது தருமபுரி. சித்தேரி மலையில் பிறந்த பிள்ளைக்கு 1851-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அருங்காட்சியகம் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் தொலைவு. அங்குள்ள திருவாலங்காட்டு நடராசரை அது திரையிலாவது காணட்டுமே என்பவரோடு நமக்குச் சண்டையில்லை. 2011 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் 17 அருங்காட்சியகங்களுடன் தன் கலைத் திட்டத்தைத் தொடங்கியபோது, வான்கோவின் 'விண்மீன் இரவு' ஓவியத்தில் ஒவ்வொரு தூரிகைத் தடத்தையும் அருகே இழுத்துப் பார்க்க முடிந்தது. நியூயார்க்கில் அந்த ஓவியத்தின் முன் நிற்பவர் கண்ணுக்கும் கிட்டாத நெருக்கம் அது. அதை இகழ்வது மூடத்தனம்.

ஆனால் திரைக்கு ஒரு குணம் உண்டு. அது எல்லாவற்றையும் ஒரே அளவாக்கிவிடும். முக்கால் மீட்டர் உயரமுள்ள வான்கோவின் துணியும், இருநூறு அடி கடந்த தஞ்சை விமானமும் கைபேசியில் உள்ளங்கை அகலந்தான். செப்புத் திருமேனியைச் சுற்றிவந்து, அதன் முதுகையும் பின்னலையும் பார்த்து வியக்கும் அனுபவத்தைத் திரை தராது. இதைவிடப் பெரிய கேடு ஒன்றும் இருக்கிறது. கலை என்பது எங்கோ தொலைவில், யாரோ காவல் காக்கும் மாளிகையில் இருப்பது என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிடுகிறது.

தருமபுரிப் பிள்ளைக்கு இப்படிக் கற்பிப்பதைப் போன்ற அநியாயம் வேறில்லை. தமிழகத்தில் நடுகற்கள் செறிந்து கிடக்கும் நிலங்களுள் முதல் வரிசையில் நிற்பது இந்தத் தகடூர் நாடு. அதியமானுக்கு எடுத்த நடுகல்லை ஔவை பாடிய புறநானூற்றுப் பாட்டு நாம் அறிந்ததே. பின்வந்த பல்லவர் காலத்து நடுகற்களைப் பாருங்கள். ஒரு கையில் வில், மறு கையில் வாள் அல்லது அம்பு, முன்னோக்கி வளைந்த முழங்கால், சில கற்களில் உடலில் தைத்த அம்புகள். மேலே வட்டெழுத்தில் அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஆநிரை மீட்கச் சென்று பட்ட வீரனின் பெயர். அவன் பேரரசனல்லன், ஊரான். ஊரானுக்கு ஊரார் எடுத்த கல். உலகின் பெரிய கலைக்கூடங்களில் மன்னர்களின் முகங்கள் நிறைந்திருக்க, மாடு காத்துச் செத்தவனைப் பெயர் சொல்லி நிற்கவைத்த கலை இங்கே வயல்வரப்பில் நிற்கிறது.

இக்கற்களில் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று வணங்குகிறார்கள். பொங்கல் வைக்கும் நாளில் நம் பிள்ளையும் உடன்போய்க் கும்பிட்டிருக்கிறது. ஆனால் பார்த்ததில்லை. அதைப் பார்க்கச் சொல்லி யாரும் கற்பிக்கவில்லை. வணக்கமும் இல்லாத இடத்தில் இத்தகைய கற்கள் துணி துவைக்கும் கல்லாகின்றன, வாய்க்காலின் குறுக்கே பாலமாகின்றன. பார்க்கத் தெரியாத தலைமுறை காக்கவும் தெரியாத தலைமுறையாகிறது. நம் கோபத்தின் வேர் இதுதான்.

பார்க்கக் கற்பிப்பது யார்? ஓவிய ஆசிரியர். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்களைத் தமிழக அரசு அமர்த்தியது. தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. ஓவியத்துக்கு நாம் கொடுத்த விலை இது. திரைக்கும் கருவிக்கும் பணம் இருக்கிறது. கண்ணைப் பழக்கும் ஆசிரியருக்கு இல்லை. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020-இல் பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது பாடங்கள் அதன்வழி வீடுகளை அடைந்தன. அந்த உதவியை நாம் மறக்கவில்லை. ஆயினும் தொலைக்காட்சியிடம் பிள்ளை திரும்பக் கேள்வி கேட்க முடியாது என்பதையும் அந்நாள்கள் காட்டின. அருங்காட்சியகத்துக்குள் நுழையும் பிள்ளையின் முதல் வேலையே கேள்வி கேட்பதுதான்.

ஆகவே நாம் வேண்டுவது இது. இணையவழி அருங்காட்சியக வகுப்பு நடக்கட்டும். அதற்கு முந்தைய வாரம் பிள்ளைகள் தம் ஊர் நடுகல்லின் முன் அமர்ந்து, பூசை செய்வோரின் இசைவோடு, பென்சிலால் அதை வரையட்டும். வில் எந்தக் கையில், கால் எந்தத் திசையில் என்று எண்ணிப் பார்க்கட்டும். தருமபுரி நகரிலேயே தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. அரூரிலிருந்தோ பாலக்கோட்டிலிருந்தோ ஒரே பகலில் போய்த் திரும்பலாம். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பேருந்து. அது எட்டாக் கனியன்று. அதன்பின் திரை ஒளிரட்டும். அப்போது அந்தப் பிள்ளை வான்கோவையும் வேறு கண்ணால் பார்க்கும்.

இன்னொன்றும் கேட்கிறோம். அதே திரையின் வழியே அரூர்ப் பிள்ளைகள் சென்னைப் பிள்ளைகளுக்குத் தம் கல்லைக் காட்டி விளக்கட்டும். எப்போதும் நகரம் காட்டவும் மலை வாய்பார்க்கவுமான ஏற்பாட்டைக் கல்வி என்று ஏற்க முடியாது.

நடுகல்லுக்குரிய துறைகளை அடுக்கும் தொல்காப்பியம் முதலில் வைப்பது 'காட்சி'. கல்லைத் தேடிப் போய்க் கண்ணால் கண்டு தேர்வது. நடுவதும் வாழ்த்துவதும் அதற்குப் பிறகே. வேடியப்பன் கோயிலுக்குப் பள்ளியிலிருந்து நடந்தே போகலாம். முதல் வகுப்பை அங்கே வைத்துக்கொள்வோம்.