வெகுமதிக் கடன் அட்டைகள் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

சம்பளம் விழுந்த வாரத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகச் சாலையோரம் குடை விரித்து, மேஜைமீது ஒரு பயணப் பையைக் காட்சிக்கு வைத்து, கடன் அட்டைக்கு ஆள் பிடிக்கும் முகவர்களுக்குச் சங்கக் கட்டடத்தின் திண்ணையை இனியும் கொடுப்பதா என்ற விவாதம் எழுந்தபடியால், எங்கள் அபிப்பிராயத்தைப் பகிரங்கமாகத் தெரிவிக்க வேண்டியவர்களாகிறோம். மீஞ்சூர் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் விமான நிலைய ஓய்வறையின் சௌகரியத்தை வர்ணிக்கும் அந்தச் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

அந்தச் சௌகரியத்தை வங்கி தன் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவதாக எண்ணுவது பேதைமை. கடையில் அட்டையைத் தேய்க்கும்போது நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய் கடைக்காரரிடம் பிடிக்கப்பட்டு, அதில் பெரும்பங்கு அட்டை கொடுத்த வங்கிக்குப் போய்ச் சேர, அவரோ அந்த நஷ்டத்தைச் சரக்கின் விலையில் ஏற்றி, ரொக்கம் கொடுத்து வாங்கும் மீன்காரப் பெண்மணியின் தலையிலும் வைத்துவிடுகிறார். வருஷச் சந்தா, தாமதக் கட்டணம், உபயோகிக்காமலே காலாவதியாகும் புள்ளிகள் என்று வேறு அனுகூலங்களும் வங்கிக்கு உண்டு.

ஆயினும் மூலஸ்தானம் வட்டிதான். இருபதாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கி, நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு 25 காசு என்ற கணக்கில் 50 ரூபாய் வெகுமதி பெற்ற ஒருவர், அந்தப் பாக்கியை மாதம் 3.5 சதவீத வட்டியில் ஒரு மாதம் நிறுத்திவைத்தால், வட்டி 700 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி. 126 ரூபாயுமாக 826 ரூபாய் அழ வேண்டும். குறைந்தபட்சத் தொகை என்று 1,000 ரூபாய் கட்டினாலும் அசலில் கழிவது 174 ரூபாயே. பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடுகிறது. கெடு தவறாமல் முழுத்தொகையும் கட்டும் கெட்டிக்காரர் அனுபவிக்கும் வெகுமதியில், அப்படிக் கட்ட இயலாத பக்கத்து வீட்டுக்காரரின் பணமும் கலந்திருக்கிறது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

கெடு தவறிய அட்டைப் பாக்கிக்கு வருஷம் 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வியாபார முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பை, சுப்ரீம் கோர்ட் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. ஆகவே, வெகுமதியை எத்தனை பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்களோ அத்தனை பெரிய எழுத்தில் வருஷ வட்டியையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டுமென்று ரிசர்வ் வங்கி கட்டளையிடக் கோருகிறோம்.

அட்டையே கூடாதென்பது எங்கள் கட்சியன்று. நள்ளிரவில் ஆஸ்பத்திரி வாசலில் அது கைகொடுப்பதும் உண்டு. ஆனால் சங்கத்தின் திண்ணை இனி எந்த அட்டை முகவருக்கும் கிடையாது. வேண்டாத அட்டையை வைத்திருக்கும் அங்கத்தினர்கள், பாக்கி இல்லையென்றால் அதை மூடும்படி எழுதிக் கொடுக்கலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி மூடியாக வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதத்தை அட்டைதாரருக்கே கொடுக்க வேண்டும். கடிதம் எழுத உதவி வேண்டுவோர், கடைசி மாதக் கணக்குச் சீட்டுடன் ஞாயிறு காலையில் சங்க அலுவலகத்துக்கு வரவும்.