நியூட்ரானை எண்ணும் நான்கு தகடுகள்

ஜெனீவா நகரத்துக்குப் பக்கத்தில் "செர்ன்" என்ற பெரிய அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தரைக்கு அடியில் ஒரு நீண்ட குழாய் ஓடுகிறது. அதன் ஒரு கோடியில் பெரிய ஈயக் கட்டி. மறு கோடியில் ஆராய்ச்சிக் கூடம். இடையே 185 மீட்டர் தூரம்.

ஈயக் கட்டியின் மேல் புரோட்டான் என்ற அணுத் துகள்கள் வந்து மோதும். ஒரு அடிக்குச் சுமார் 7 லட்சம் கோடி புரோட்டான்கள்! ஒவ்வொரு புரோட்டானும் மோதியதும், ஈயத்திலிருந்து சுமார் 300 நியூட்ரான்கள் தெறிக்கும். அவற்றில் ஒரு சிறு பங்கு குழாய் வழியாக ஓடி வந்து கூடத்தை அடையும்.

வந்தவை எத்தனை?

இதற்குச் சரியான பதில் தெரியாவிட்டால் அத்தனை ஏற்பாடும் வீண். அந்தப் பதிலைச் சொல்பவை நான்கு சிலிக்கான் தகடுகள்.

செர்ன் என்றதும் பெரிய யந்திரங்களைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். இந்தத் தகடுகளைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. எண்ணுகிற வேலையைச் சில்லறை வேலை என்று நினைக்கிறார்கள். அது தவறு. பெரிய யந்திரத்தின் மானத்தைக் காப்பாற்றுவதே இந்தச் சில்லறை வேலைதான்.

எடைக்கல் குறைந்தால்

நியூட்ரான் என்பது அணுவின் நடுவே இருக்கும் ஒரு துகள். 1932-ல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் ஜேம்ஸ் சாட்விக் என்ற விஞ்ஞானி அதைக் கண்டுபிடித்தார். 1935-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்.

அணுவிலிருந்து வெளியே வந்த நியூட்ரானை இன்னொரு பொருளின் மேல் விட்டால் என்ன ஆகும்? சில பொருள்கள் அதை விழுங்கிவிடும். சில திருப்பி விரட்டும். யுரேனியம் போன்றவை இரண்டாகப் பிளந்துவிடும். எந்தப் பொருள் நூற்றுக்கு எத்தனையை விழுங்குகிறது என்று அளந்து எழுதுவதுதான் அந்த ஆராய்ச்சிக் கூடத்தின் வேலை.

விழுங்கியது எத்தனை என்பது மட்டும் தெரிந்தால் போதுமா? வந்தது எத்தனை என்பதும் தெரியவேண்டும் அல்லவா? வந்தது 100 என்று நினைத்துக் கணக்குப் போட்டு, உண்மையில் வந்தது 95 என்றால், முடிவு முழுவதும் தப்பு.

கடையில் எடைக்கல் குறைவாக இருந்தால் என்ன நடக்கும்? அன்று நிறுத்த அரிசி, பருப்பு, புளி எல்லாமே குறையும். வாங்கியவருக்குத் தெரியாது. சில சமயம் விற்றவருக்கே தெரியாது. இதுவும் அப்படித்தான். இங்கே அளந்த எண்கள் புத்தகத்தில் ஏறும். அணு மின்சார உலை கட்டும் என்ஜினீயர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். நட்சத்திரங்களுக்குள் தங்கமும் ஈயமும் எப்படி உண்டாயின என்று ஆராய்கிறவர்களும் அதைத்தான் பார்ப்பார்கள். ஒரு குழாயில் நடந்த எண்ணிக்கைப் பிசகு உலகம் முழுவதும் பரவிவிடும்.

பிடிபடாத துகள்

எண்ணுவது அவ்வளவு கஷ்டமா? கஷ்டம்தான். புரோட்டானுக்கு மின்சாரம் உண்டு. எலெக்ட்ரானுக்கும் உண்டு. நியூட்ரானுக்குக் கிடையாது. சிலிக்கான் தகட்டுக்கு மின்சாரமுள்ள துகள்தான் நன்றாகத் தெரியும். நியூட்ரான் பெரும்பாலும் அதற்குள் புகுந்து, சத்தம் போடாமல் மறுபக்கம் போய்விடும்.

ஆகவே விஞ்ஞானிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். இருட்டில் வரும் திருடனைப் பிடிக்க வழியில் பானையை வைப்பது போன்ற தந்திரம்! குழாயின் குறுக்கே மிக மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கட்டினார்கள். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய தாள். அதன் மேல் லித்தியம் பூசினார்கள். எல்லா லித்தியமும் இதற்கு உதவாது. "லித்தியம் 6" என்ற வகைதான் வேண்டும். இயற்கையில் கிடைக்கும் லித்தியத்தில் நூற்றுக்கு ஏழெட்டு அணுக்கள்தான் அந்த வகை. அதைப் பிரித்து எடுக்க வேண்டும்.

அந்த அணுவுக்குள் நியூட்ரான் புகுந்தால் அது இரண்டு துண்டாக உடையும். இரண்டு துண்டுகளுக்கும் மின்சாரம் உண்டு. அவை பக்கவாட்டில் பறந்து வந்து சிலிக்கான் தகட்டில் இடிக்கும். இவற்றில் டிரைட்டான் என்ற துண்டு இடித்தால், தகட்டுக்குள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட எலெக்ட்ரான்கள் இடம் பெயரும். கம்பியில் ஒரு சிறு மின்துடிப்பு எழும். டிரைட்டானின் வேகம் ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதால், துடிப்பின் உயரத்தைப் பார்த்தே, "இது நியூட்ரான் செய்த வேலை" என்று சொல்லிவிடலாம்.

துடிப்பு வந்த நேரத்தைப் பார்த்தால் நியூட்ரானின் வேகமும் தெரிந்துவிடும். வினாடிக்கு 2,200 மீட்டர் ஓடும் நியூட்ரானைச் சோம்பேறி என்றுதான் அங்கே சொல்லவேண்டும். அது 185 மீட்டரைக் கடக்க ஒரு வினாடியை ஆயிரமாகப் பிரித்து 84 பங்கு ஆகும். வேகமான நியூட்ரான் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 13 பங்கு நேரத்தில் வந்து நின்றுவிடும்!

நான்கு தகடுகளையும் நியூட்ரான் ஓடும் பாதையில் வைக்கவில்லை. பாதையைச் சுற்றி ஓரத்தில்தான் வைத்திருக்கிறார்கள். இதில்தான் கெட்டிக்காரத்தனம். பாதையில் வைத்தால் தகடு நியூட்ரான்களைச் சிதற அடித்துவிடும். நியூட்ரான்களும் சிலிக்கான் அணுக்களை இடம் பெயர்த்துத் தகட்டைக் கெடுத்துவிடும். பாதையில் இருப்பது மெல்லிய தாள் மட்டுமே. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அது போல மிகச் சில நியூட்ரான்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அது போகவிட்டுவிடுகிறது.

"கணக்குப் போட்டால் போதாதா?"

சிலர் இப்படிக் கேட்பதுண்டு. "ஈயத்தில் மோதும் புரோட்டான் எத்தனை என்று தெரியும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் நியூட்ரான் எத்தனை என்று தெரிந்துவிடுமே. தனியாக எண்ணுவானேன்?"

இதற்கு அந்த ஆலையின் கதையே பதில். 2001-ல் அது வேலை தொடங்கியது. 2004-ல் நிறுத்த வேண்டி வந்தது. காரணம், குளிர்விக்க விட்ட தண்ணீர் ஈயக் கட்டியை அரித்துவிட்டது. 2008-ல் புதிய கட்டி வைத்தார்கள். 2010-ல், நியூட்ரானின் வேகத்தைக் குறைக்க வைத்திருந்த தண்ணீருக்குப் பதிலாக, போரான் கலந்த தண்ணீரை விட்டார்கள். போரான் மெதுவாக ஓடும் நியூட்ரான்களை விழுங்கிவிடும். 2021-ல் மூன்றாவது கட்டி வந்தது. அதைக் குளிர்விப்பது நைட்ரஜன் வாயு.

ஒவ்வொரு மாறுதலின் போதும் நியூட்ரான் கணக்கு மாறியது. பழைய கணக்கை நம்பி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? காகிதத்தில் போடும் கணக்கு எவ்வளவு நல்ல கணக்காக இருந்தாலும், வாசலில் ஒருவன் நின்று எண்ணத்தான் வேண்டும்.

ஒருவன் போதாது என்பதும் உண்மை. மெதுவான நியூட்ரானை எண்ண லித்தியம் நல்லது. மிக வேகமான நியூட்ரான் விஷயத்தில் அதன் சொல்லை அவ்வளவாக நம்ப முடியாது. அதனால் போரான் வைத்த கருவி, யுரேனியம் 235 வைத்த கருவி எல்லாவற்றையும் வைத்து எண்ணி ஒத்துப் பார்த்தார்கள். இது வீண் செலவு என்று யாராவது சொன்னால், அவர் ஒரே சாட்சியை வைத்து வழக்கை முடிப்பவர் என்றுதான் அர்த்தம்.

நோயாளியின் பக்கத்தில்

இது விஞ்ஞானிகளோடு முடிகிற விஷயம் அல்ல. நியூட்ரானை வைத்துப் புற்றுநோய்க்கும் சிகிச்சை செய்கிறார்கள். போரான் கலந்த மருந்தை ஏற்றுகிறார்கள். அது நோய் பிடித்த திசுவில் அதிகமாகச் சேருகிறது. பிறகு அந்த இடத்தில் நியூட்ரானை விடுகிறார்கள். போரான் உடைந்து அந்தத் திசுவை அழிக்கிறது. தலையிலும் கழுத்திலும் வரும் சிலவகைப் புற்றுநோய்க்கு இந்தச் சிகிச்சையை யந்திரத்தின் மூலம் செய்ய ஜப்பான் அரசாங்கம் 2020-ல் அனுமதி கொடுத்தது.

இங்கே எண்ணிக்கை குறைந்தால் நோய் மிஞ்சும். கூடினால் நல்ல உடம்பு வேகும்.

தங்கக் கம்பியை நியூட்ரான் படும்படி வைத்து, பிறகு எடுத்து அளப்பது பழைய முறை. நம்பகமான முறைதான். ஆனால் கணக்கு பிறகுதான் கிடைக்கும். நோயாளி எழுந்து போனபின் வரும் கணக்கு அந்த நோயாளிக்கு எப்படிப் பயன்படும்? சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே எண்ணவேண்டும். அந்த வேலைக்குச் சிலிக்கான் தகடு பொருத்தமானது. சிறியது, எண்ணிக்கையை உடனே சொல்லும்.

அதற்கும் ஒரு குறை உண்டு. மறைக்கக்கூடாது. சிகிச்சையில் விடும் நியூட்ரான் மிக அதிகம். அதனால் தகடு நாளடைவில் தேயும். தேய்ந்த தகட்டில், துகள் எதுவும் படாதபோதும் மின்சாரம் கசியும். அப்போது அது சொல்லும் எண்ணிக்கையை நம்ப முடியாது. ஆகவே, யந்திரம் வாங்கும் ஆஸ்பத்திரி எதுவானாலும், மாற்றுத் தகடுகளின் செலவையும் முதல் நாளே கணக்கில் எழுதிவிட வேண்டும். தகட்டைச் சோதிக்கத் தெரிந்த ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளவும் வேண்டும். பணம் போதவில்லை என்று வேறு எந்தச் செலவைக் குறைத்தாலும், இந்த இரண்டில் மட்டும் கை வைக்கக்கூடாது.